செம்பனை எண்ணெயின்றித் தாவர வெண்ணெய் செய்தல்

பாலைக் கடைந்தெடுக்கும் வெண்ணெயில் கொழுப்பு நூற்றுக்கு 80 பங்குக்குக் குறையாமலும், நீர் 16 பங்குக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும் என்பது உணவுச் சட்டத்தின் விதி. எஞ்சியது சிறிது பாற்சத்தும் உப்புமேயாகும். ஆகவே வெண்ணெய் என்பது, பெரும்பாலும், மிக நுண்ணிய நீர்த்துளிகளைத் தன்னுள் அடக்கிக்கொண்டு பாதி இறுகிய நிலையில் நிற்கும் கொழுப்பு என்று சொல்லலாம். இந்த நிலையைத் தாவர எண்ணெய்களைக் கொண்டே உண்டாக்குவது கூடுமா, அதிலும் கடல் கடந்து வரும் செம்பனை எண்ணெயைச் சேர்க்காமல் கூடுமா என்பதே இங்கு ஆராயப்படும் விஷயம்.

பாலிலுள்ள புரதம் ஒவ்வாத குழந்தைகள் உண்டு. பிராணிகளிடமிருந்து பெறும் எப்பொருளையும் உட்கொள்வதில்லை என்ற கொள்கையுடையோரும் நகரங்களில் பெருகி வருகின்றனர். இவர்கள் வாங்கும் தாவர வெண்ணெய் டப்பிகளின் மேலுள்ள சீட்டைப் படித்தால், அவற்றுள் பலவற்றில் பாமாயில் அல்லது பாமோலின் என்ற பெயர் முன்னணியில் நிற்பதைக் காணலாம். நிலக்கடலையும் தென்னையும் எள்ளும் விளையும் ஜில்லாக்களில், செக்கெண்ணெய்க்கு நியாயமான விலை கிடைக்கவில்லை என்று குடியானவர்கள் குறைகூறுவது வழக்கம். தங்கள் ஊர்ச் சரக்கைக் கொண்டே செய்யக்கூடிய ஒரு பண்டத்தைப் பிறநாட்டு எண்ணெய் பிடித்துக்கொண்டிருப்பதன் காரணத்தை அவர்கள் அறிந்துகொள்வது அவசியம்.

செயற்கை வெண்ணெயின் வரலாறு பிரான்ஸ் தேசத்தில் தொடங்குகிறது. ஏழைகளுக்கும் போர்வீரர்களுக்கும் மலிவான வெண்ணெய் வேண்டுமென்று மூன்றாம் நெப்போலியன் பரிசு அறிவிக்க, மேஜ்-மூரியே என்ற ரசாயன நிபுணர் 1869-ம் வருஷத்தில் மாட்டுக் கொழுப்பையும் பாலையும் கூட்டி மார்கரின் என்னும் பண்டத்தைச் செய்தார். அது தாவரப் பண்டமன்று. திரவமான தாவர எண்ணெயை இறுகச் செய்யும் வழியை ஜெர்மனியில் வில்ஹெல்ம் நார்மன் கண்டு 1902-ல் அதற்கு உரிமை பெற்றார். நிக்கல் தூளின் முன்னிலையில் ஹைட்ரஜன் வாயுவைச் சூடான எண்ணெயில் புகுத்துவதே அம்முறை. நம் நாட்டில் வனஸ்பதி என்று பெயர் பெற்றது இவ்வாறு இறுகிய எண்ணெயே. டால்டா 1937-ல் கடைகளுக்கு வந்தது. அக்காலத்து வனஸ்பதிக்கு நிலக்கடலை எண்ணெயே முக்கியமான மூலப்பொருளாக இருந்தபடியால், தென்னாற்காடு முதலிய இடங்களின் மணிலாவுக்கு அதனால் கிராக்கி ஏற்பட்டதும் உண்மை.

வனஸ்பதியை நெய்யில் கலந்து விற்கும் மோசத்தைக் கண்டுபிடிக்க அரசாங்கத்தார் ஒரு யுக்தி செய்தனர். வனஸ்பதி ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் சேர்த்தாக வேண்டும் என விதித்தனர். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பர்ஃபுராலும் சேர்த்துக் குலுக்கினால் நல்லெண்ணெய் சிவப்பு நிறம் காட்டும். சுத்தமான நெய் காட்டாது. எள்ளுக்கு இத்தகைய காவற்காரன் வேலையும் ஒரு காலத்தில் கிடைத்தது.

இறுக்கிய எண்ணெயில் டிரான்ஸ் கொழுப்பு என்னும் ஒருவகைக் கொழுப்பு உண்டாகிறதென்றும், அது இருதய நோயை வளர்க்கிறதென்றும் பின்னர் நிச்சயமாயிற்று. இந்தியாவில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் இதன் அளவு 2022 ஜனவரி முதல் நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படலாகாது. ஆகவே ஹைட்ரஜன் ஏற்றாமலே பாதி இறுகி நிற்கும் ஒரு கொழுப்பு ஆலைக்காரர்களுக்குத் தேவைப்பட்டது. செம்பனை எண்ணெய் அவ்விதமானது. அதன் விலையும் குறைவு. ஏனெனில் ஒரு ஹெக்டேரில் அது கொடுக்கும் எண்ணெய் வேறெந்தப் பயிரும் கொடுக்காதது. மரத்தின் பேரில் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் உலகத்துச் செம்பனை எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேஷியா, மலேஷியா என்னும் இரு நாடுகளிலேயே உற்பத்தியாகிறது. அதற்காக அங்கே அழிந்த காடுகள் அனேகம். 2022 ஏப்ரல் 28-ந் தேதி இந்தோனேஷியா ஏற்றுமதியை நிறுத்தி, மே 23-ந் தேதி மறுபடி அனுமதித்தது. அந்த நாலு வாரத்துத் தடை, பிறநாட்டு எண்ணெயை நம்பியிருப்போரின் நிலைமை எத்தகையது என்பதை நன்கு விளக்கிவிட்டது.

இனி, செம்பனை எண்ணெய்க்குப் பதிலாக எதைக் கொள்வது? இங்கேதான் சிரமம் உள்ளது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி உஷ்ணத்தில் உருகிவிடும். மேல்நாட்டின் குளிரில் அது கட்டியாக நிற்பதால், அந்நாட்டாரில் பலர் தேங்காய் எண்ணெயை முக்கியமாகக் கொண்டே தாவர வெண்ணெய் செய்துகொள்கின்றனர். அவர்களுடைய முறையை அப்படியே பின்பற்றினால் நம் ஊரில் மார்கழி விடியற்காலையில் வெண்ணெயாகவும், அன்று மத்தியானம் எண்ணெயாகவும் இருக்கும். நிலக்கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் என்றும் திரவமே. ஆகையால் உடல் உஷ்ணத்தை ஒட்டி உருகும் கெட்டியான கொழுப்பு ஒன்று துணைக்கு வேண்டும்.

இலுப்பை எண்ணெய் குளிர்காலத்தில் உறையும் தன்மையுடையதே. எனினும் அதன் கசப்பும் வாடையும் சுத்திகரிப்பின்றிப் போகா, வெண்ணெய்க்கு உதவாது. மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பு மிகவும் ஏற்றது. கிருஷ்ணகிரியில் பழக்கூழ் ஆலைகள் கழிக்கும் கொட்டைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் பருப்பில் கொழுப்பு சுமார் பத்தில் ஒரு பங்கே இருப்பதால் செக்கில் ஆட்டி எடுக்க இயலாது. கரைப்பான் கொண்டு பிரிக்கும் ஆலை வேண்டும். எஞ்சியது கோகம் கொழுப்பு. கொங்கணக் கரையில், ரத்னகிரி, சிந்துதுர்க்கம், கோவா முதலிய இடங்களில் புளிப்புக்காகப் பழம் பறிக்கப்படும் கோகம் மரத்தின் விதையிலிருந்து இது எடுக்கப்படுகிறது. பருப்பை இடித்து நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை வழித்தெடுப்பது அவ்வூர்ப் பெண்களின் பழைய வழக்கம். இது வெண்மையானது, வாடை குறைந்தது, 40 டிகிரியை ஒட்டி உருகுவது. தோலுக்குப் பூசுவதற்கென்று விற்கப்படும் சரக்கை வாங்கலாகாது. உணவுக்குரியது என்று சீட்டில் கண்டதையே வாங்குக.

ஒரு கிலோ வெண்ணெய்க்குத் தேங்காய் எண்ணெய் 350 கிராம், நிலக்கடலை எண்ணெய் 250 கிராம், கோகம் கொழுப்பு 200 கிராம், கொதித்து ஆறிய நீர் 180 கிராம், உப்பு 15 கிராம், லெசிதின் 5 கிராம் ஆகியவை போதும். லெசிதின் என்பது சோயா அல்லது சூரியகாந்தி எண்ணெயைச் சுத்திசெய்யும்போது பிரியும் பிசின் போன்ற பொருள். நீரையும் எண்ணெயையும் பிரியாமல் பிணைப்பது இதுவே. தேங்காய் எண்ணெய் கந்தகப் புகையிடாத கொப்பரையிலிருந்து ஆட்டியதாக இருக்கவேண்டும். நிலக்கடலை எண்ணெயைச் சில நாள் தெளியவைத்து, அடியிற் படியும் மண்டியை நீக்கி, மெல்லிய துணியில் வடிகட்டியே உபயோகிக்க வேண்டும்.

கோகம் கொழுப்பை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து முழுவதும் உருக்கி, மற்ற எண்ணெய்களையும் லெசிதினையும் அதில் கலந்துகொள்க. நிறம் வேண்டுவோர் மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை சேர்க்கலாம். உப்பைக் கரைத்த நீரும் எண்ணெய்க் கலவையும் கை பொறுக்கும் அளவு இளஞ்சூடாக இருக்கும்போது, நீரைச் சிறுகச் சிறுக எண்ணெயில் விட்டு விடாமல் கடைய வேண்டும். எண்ணெயை நீரில் ஊற்றினால் காரியம் கெடும். பின் பாத்திரத்தைப் பனிக்கட்டியிட்ட நீரில் அமிழ்த்தி, குழைந்து கெட்டியாகும் வரை வேகமாகக் கடைக. இந்த இடத்தில் சோம்பல் கூடாது. மெதுவாக ஆறவிட்டால் கொழுப்பு பெரிய மணிகளாக உறைந்து, வாயிலிட்டால் மணலைப்போல் நெருடும். விரைவில் குளிர்வித்தால் மணிகள் கண்ணுக்குத் தெரியாத நுண்மையாக அமைந்து நீர்த்துளிகளைத் தம்மிடையே சிறைப்படுத்திக்கொள்ளும். ஓரிரவு குளிர்பெட்டியில் வைத்தபின் உபயோகிக்கலாம்.

ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்பக் கோகம் கொழுப்பை ஐம்பது கிராம் கூட்டியும் குறைத்தும், அதற்கு ஈடாக நிலக்கடலை எண்ணெயை மாற்றியும், முதலில் சிறிதளவாகச் செய்து பார்ப்பது நலம். எப்படிச் செய்தாலும் சித்திரை வெயிலில் இது குளிர்பெட்டிக்கு வெளியே நிற்குமென்று எதிர்பார்க்கலாகாது. பசு வெண்ணெயும் நிற்பதில்லையே. நீருக்குப் பதில் முந்திரிப் பாலோ சோயாப் பாலோ சேர்த்தால் சுவை மேம்படும். ஆனால் கிருமிகளுக்கும் அது சுவையே. அவ்வாறு செய்ததை வீட்டில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். விற்பனைக்கு உப்பு நீரே தக்கது.

இவ்வளவு சிரமம் வேண்டாதவர்களுக்கு வறுத்த நிலக்கடலையை அரைத்துச் செய்யும் கடலை வெண்ணெய் உண்டு. மேலே எண்ணெய் பிரிந்து நிற்பதைத் தடுக்கவே வியாபாரிகள் பாமாயிலையோ இறுக்கிய எண்ணெயையோ அதில் சேர்க்கின்றனர். வாங்குவோர் கரண்டியால் ஒருமுறை கலக்கிக்கொண்டால் அது தேவையில்லை. 2020-ல் வெளியான கிர்நார் 4, கிர்நார் 5 என்னும் ரகங்களின் எண்ணெயில் ஓலியிக் அமிலம் மிகுதியாதலால், அவற்றின் பருப்பும் எண்ணெயும் சிக்கு வாடை பிடிக்காமல் அதிக நாள் இருக்கின்றன.

ஆயினும் கடலை வெண்ணெயில் ஓர் அபாயம் உண்டு. 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் லட்சத்துக்கு மேல் காரணந் தெரியாமல் மடிந்தன. அவற்றுக்கு இட்ட கடலைப் புண்ணாக்கில் வளர்ந்திருந்த ஒருவகைப் பூஞ்சக்காளானின் விஷமே காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளாடாக்ஸின் என்னும் இவ்விஷம் ஈரலைக் கெடுப்பது; புற்றுநோய்க்கும் காரணமாவது. வறுப்பதனால் முழுவதும் அழிவதில்லை. எண்ணெய் ஆட்டும்போது விஷத்தின் பெரும்பகுதி புண்ணாக்கோடு தங்கிவிடும். மண்டியை வடிகட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பருப்பை முழுதும் அரைத்து உண்ணும் கடலை வெண்ணெயிலோ அது அப்படியே உண்பவர் வயிற்றுக்குப் போகும். ஐரோப்பிய நாடுகள் உண்ணும் கடலையில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இதனை அனுமதிப்பதில்லை.

ஆகவே காரியம் வயலிலேயே தொடங்குகிறது. அறுவடைக்கு முன் சில வாரங்கள் நிலம் காய்ந்து வெடித்தால் பூஞ்சக்காளான் மண்ணுக்குள்ளேயே காயைப் பற்றும். கிணறு உள்ளவர்கள் அப்போது ஒரு தண்ணீர் கட்டுவது வீண்செலவன்று. பிடுங்கிய செடிகளைக் காய் மேலாகக் கவிழ்த்து உலர்த்தி, ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்குக் கீழ் வரும்வரை காயவைக்க வேண்டும். கையில் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிப்பது உலர்ந்ததற்கு அடையாளம். இயந்திரத்தில் பருப்பு உடையாமலிருக்கவும் எடை கூடவும் காயின்மேல் நீர் தெளிக்கும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. இதைவிடக் கெட்ட வழக்கம் இல்லை. நிறம் மாறியது, சுருங்கியது, பூச்சி துளைத்தது ஆகிய பருப்புகளைப் பொறுக்கி நீக்கியபின், அவற்றைக் கறவை மாட்டுக்கு வைப்பதும் கூடாது. விஷம் உருமாறிப் பாலில் இறங்கும். கடைசியில் வீட்டுக் குழந்தைக்கே வந்து சேரும்.

விற்பனை செய்வோர் பெயர் விஷயத்தில் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். அமெரிக்காவில் முந்திரியும் தேங்காய் எண்ணெயும் கொண்டு தாவர வெண்ணெய் செய்யும் மியோகோஸ் என்ற கம்பெனி, வெண்ணெய் என்ற சொல்லைச் சீட்டில் போடலாகாதென்று கலிபோர்னியா அதிகாரிகள் கட்டளையிட, நீதிமன்றம் சென்று 2021-ல் சாதகமான தீர்ப்புப் பெற்றது. நம் நாட்டு விதி வேறு. பால், தயிர், வெண்ணெய் முதலிய சொற்களைப் பாலல்லாத பண்டத்துக்கு இட்டு விற்பதை உணவுப் பாதுகாப்பு அதிகார சபையார் 2021-ல் தடுத்தனர். நெடுநாள் வழக்கிலுள்ள கடலை வெண்ணெய், தேங்காய்ப் பால் போன்ற பெயர்களுக்கு மாத்திரம் விலக்கு உண்டு. தாவர உணவு என்று குறித்து விற்பதற்குத் தனி விதிகள் 2022-ல் ஏற்பட்டன. ஆதலால் மேலே சொன்ன கலவையைச் சந்தைக்குக் கொண்டுவர நினைக்கும் உற்பத்தியாளர் குழுக்கள், சீட்டு அச்சடிப்பதற்கு முன்பே ஜில்லா உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் பெயரையும் முத்திரையையும் காட்டிச் சம்மதம் கேட்டுக்கொள்வது பணவிரயத்தைத் தவிர்க்கும். சேர்ந்துள்ள எண்ணெய் ஒவ்வொன்றின் பெயரையும் சீட்டில் தெளிவாக எழுதுக. செம்பனை எண்ணெய் வேண்டாமென்போர் கடையில் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.