பாலும் நெய்யும் பட்டும் இன்றி ஒரு சைவத் திருமணம்

சைவத் தமிழ் மக்களின் வாழ்வில் நிகழும் சடங்குகளுள் திருமணம் முதன்மையானதாகும். பொன்னுருக்கல், கன்னிக்கால் நடுதல் தொடக்கம் பூதாக்கலம் ஈறாக அமையும் அதன் பல கட்டங்களில் பாலுக்கும் நெய்க்கும் ஓர் இடம் இருந்தே வந்துள்ளது. மணமகனுக்குப் பாலறுகு வைக்கிறார்கள். ஓமத்தில் நெய் சொரிகிறார்கள். தம்பதிகளுக்குப் பாலும் பழமும் கொடுக்கிறார்கள். பந்தியில் பருப்பின்மேல் நெய்யும், முடிவில் தயிரும் வருகின்றன. இவை என்றாவது கேள்விக்குள்ளாகும் என்று எம் மூத்தோர் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும் அண்மைக் காலத்தில், சிறப்பாகப் புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த பிள்ளைகள் சிலரிடமிருந்து அக்கேள்வி வந்துவிட்டது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பேத்தி ரொறன்ரோவில் பிறந்தவள். கலியாணத்தை ஊரிலேதான் வைக்கவேண்டும் என்று அவளே ஆசைப்பட்டுக் கேட்கிறாள். பெரியவர்கள் மகிழ்ந்து, நாளும் பார்த்தாயிற்று. பிறகொருநாள் தொலைபேசியில் சொல்கிறாள்: “அம்மம்மா, நான் வீகன். பால், தயிர், நெய், தேன் ஒண்டும் சாப்பிடமாட்டன். கலியாணத்திலயும் வேண்டாம். பட்டும் வேண்டாம்.” அம்மம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. “நாங்கள் சைவம்தானே பிள்ளை. முட்டைகூட இந்த வீட்டுக்குள்ள வாறேல்லையே” என்கிறார். விளங்கியபின் அவர் கேட்பது ஒன்றே: “நெய்யில்லாமல் ஓமம் வளர்த்தால் அது கலியாணமோ?”

அம்மம்மாவின் கேள்வியும் நியாயமானது, பேத்தியின் விருப்பமும் நியாயமானது. சிரித்துத் தட்டிக்கழித்தால் பேத்தி ஊருக்கு வராமலே அங்கே பதிவுத் திருமணத்தோடு முடித்துக்கொள்வாள். தலையாட்டிவிட்டு மணவறையில் சத்தமின்றி நெய்யை ஊற்றினால், அவள் நம்பிக்கை கெடும். ஆகவே இவ்விடயத்தை ஆறுதலாக ஆராய்வது பயனுடையது.

வீகன் என்ற சொல் 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரைச் சேர்ந்தோரும் ஒரு சங்கம் தொடங்கியபோது உருவானது. ‘வெஜிட்டேரியன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தலையையும் கடையையும் சேர்த்து ஆக்கியது. மாமிசம், மீன், முட்டை மட்டுமன்றிப் பால், தேன் ஆகியவற்றையும், உடுப்பதில் பட்டு, கம்பளி, தோல் ஆகியவற்றையும் இவர்கள் விலக்குகின்றனர். விலங்கின் உடலிலிருந்தோ உழைப்பிலிருந்தோ பிடுங்கி எடுத்த எதுவும் வேண்டாம் என்பது அவர்கள் நெறி.

பாலை ஏன் விலக்க வேண்டும்? பசுவைத் தாயாகப் போற்றும் எம்மவரிற் பலருக்கு இது மனவருத்தம் தரும் கேள்வி. வீட்டு வளவில் ஒரு பசுவைக் கட்டி, கன்றை ஊட்டவிட்டுக் கறந்து வளர்ந்தவர்களுக்கு அதிற் பாவம் தெரியாது. பேத்தி வளர்ந்த நாட்டில் நிலைமை வேறு. அங்குள்ள பெரும் பாற்பண்ணைகளிற் கன்று பிறந்த சில மணி அல்லது சில நாட்களில் தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. பால் தராத ஆண்கன்று பெரும்பாலும் இறைச்சிக்குப் போகிறது. பால் வற்றிய பசுவுக்கும் அதே வழிதான். அவள் கண்ட பால் அந்தப் பால். இன்று எங்கள் குசினிகளில் இருக்கும் பால்மாவிற் பெரும்பகுதியும் நியூசிலாந்து முதலிய நாடுகளின் பெரும் பண்ணைகளிலிருந்து வருவதுதான் என்பதையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

கொல்லாமை எமக்குப் புதிதன்று. திருக்குறளின் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல், 33ஆம் அதிகாரம் கொல்லாமை. ஆயிரம் வேள்விகளைவிட ஓருயிரைக் கொன்று தின்னாதிருத்தல் மேலானது என்ற கருத்தை வள்ளுவர் 26ஆம் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். திருமந்திரத்திலும் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. கோயில்களில் உயிர்ப்பலியிடுவதை நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) வன்மையாகக் கண்டித்தார். அவர் காலத்தவரான இராமலிங்க வள்ளலார் சீவகாருணியத்தையே தமது நெறியின் அடிப்படையாக்கினார். அதற்காக இவர்கள் பாலை விலக்கினார்கள் என்று சொல்லிவிட முடியாது. அரசன் முறைதவறினால் பசுவின் பயன் குறையும் என்று கூறும் வள்ளுவர், பாலை நாட்டின் வளமாகவே கண்டவர். பேத்தி செய்வது, அவர்கள் நின்ற இடத்திலிருந்து அதே திசையில் மேலும் ஓரடி வைப்பது. அது வெள்ளைக்காரப் பழக்கம் என்று ஒதுக்கத்தக்கதன்று.

இனிச் சடங்குக்கு வருவோம். இங்கே செய்யவேண்டிய முதல் வேலை, முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே குருக்களை வீட்டிற் சென்று கண்டு பேசுவது. பாலும் நெய்யும் தேனும் வரும் இடங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. வாயாற் பேசியது பிறகு இரண்டு விதமாக நினைவுக்கு வரும்.

அவ்வாறு எழுதிப் பார்த்தால் இடங்கள் அதிகமில்லை. புண்ணியாகவாசனம் நீர் நிறைந்த கும்பத்தாலும் மாவிலையாலும் நடப்பது. பஞ்சகௌவியம் இன்றியே அதனை நிறைவாகச் செய்யலாம். மதுபர்க்கத்திற்குத் தேன், தயிர், நெய் சேரும். அது வீடு வந்த மணமகனுக்குச் செய்யும் உபசாரம். இளநீர் கொடுத்து உபசரித்தால் மரியாதை குறையாது. பிள்ளையாரை மஞ்சளிற் பிடிக்கலாம். குத்துவிளக்குக்கு நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ போதும். சாம்பிராணி மரத்தின் பிசின். தாலி, மாலை, அம்மி, அருந்ததி, அறுகரிசி ஆகியவற்றில் விலக்க ஒன்றுமில்லை.

எஞ்சுவது ஓமத்து நெய். இதுவே கடினமான இடம். ஆகுதிக்கு நெய்யே உரியது என்பது நெடுங்கால விதி. அதைக் கைவிட ஒரு குருக்கள் மறுத்தால் அது அவருடைய பிடிவாதம் அன்று. அவர் கற்ற முறைக்கு அவர் பொறுப்பாளி. அரசு, அத்தி, வன்னி, நாயுருவி போன்ற சமித்துகளையும் நெற்பொரியையும் முதன்மையாக வைத்து, நெய்க்குப் பதிலாக நல்லெண்ணெய் கொள்ள இணங்குபவர் இருந்தால் நன்று. இணங்காதவரிடம் அளவைக் குறைத்து, ஊரில் கன்று உடனிருக்கும் ஒரு வீட்டுப் பசுவின் பாலிற் கடைந்த நெய் சிறிதளவு கொள்ளலாமா என்று பேத்தியிடம் கேட்டுப் பார்க்கலாம். அதற்கும் அவள் மனம் ஒப்பாவிடில், ஓமம் இன்றித் திருமுறை ஓதி, விளக்கின் முன் தாலி கட்டும் முறையைக் கைக்கொள்வதே நேர்மையானது. அரைமனத்தோடு வளர்த்த ஓமத்தைவிட அது எவ்வளவோ மேல்.

“ஓமமில்லாத கலியாணமோ?” என்பவர்களுக்கு அகநானூற்றின் 86ஆம் பாட்டைக் காட்டலாம். அங்கே பந்தலிட்டு, மணல் பரப்பி, விளக்கேற்றி, நல்ல நாளிற் கலியாணம் நடக்கிறது. புதல்வரைப் பெற்ற வாழ்வரசிகள் நால்வர் கூடி, பூவும் நெல்லும் இட்ட நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். தீ வளர்த்ததாக அதில் இல்லை. விருந்தாகச் சொல்லப்படுவது உழுந்து சேர்த்த களி. அதே நூலின் 136ஆம் பாட்டுக் கலியாணத்தில் இறைச்சியும் நெய்ச்சோறும் உண்டு என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடவேண்டும். பழந்தமிழர் எல்லாரும் ஒரே மாதிரிக் கலியாணம் செய்தவர்கள் அல்லர்.

கோயில் மண்டபத்தில் நடக்கும் திருமணமாயின் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூலவருக்கு நடக்கும் பாலபிடேகமும் நெய்விளக்கும் கோயிலின் நித்திய கருமங்கள். மணவீட்டார் தமது சடங்கை மாற்றலாம், கோயிலின் கிரியையை மாற்றும்படி கேட்கலாகாது. தமது பெயரிற் செய்விக்கும் அருச்சனைக்குப் பழம், பூ, தேங்காய், இளநீர் கொடுப்பதை ஒருவரும் தடுக்கப்போவதில்லை.

கூறைச்சேலை பற்றிப் பெண்கள் பக்கத்திலிருந்து கடும் எதிர்ப்பு வரக்கூடும். கூட்டைக் கிழித்துக்கொண்டு பூச்சி வெளிவந்தால் பட்டுநூல் அறுந்துவிடும். அதனால் புழு உள்ளிருக்கும்போதே கூட்டைக் கொதிநீரில் அல்லது ஆவியில் இட்டு நூலெடுக்கிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். இதைக் கேட்டபின் மணவறையில் அச்சேலையைப் பார்க்கும்போது சிறிது மனம் உறுத்தத்தான் செய்யும். ஐதராபாத்தில் கைத்தறித் துறையிற் பணியாற்றிய குசும ராஜையா என்பவர், பூச்சி வெளியேறிய பின் கிடைக்கும் கூட்டிலிருந்து நூல் நூற்று ‘அகிம்சைப் பட்டு’ என்ற பெயரில் நெய்வித்தார். வீகன்கள் பலர் அதனையும் ஏற்பதில்லை. அவ்வாறாயின் நல்ல பருத்திச் சேலை இருக்கவே இருக்கிறது. கூறை என்ற சொல்லுக்குத் துணி, ஆடை என்பதே பொருள். பட்டு என்ற பொருள் அதில் இல்லை. கரையிட்ட சிவப்புப் பருத்திச் சேலையைத் தட்டத்தில் வைத்து, பெரியோர் தொட்டு வாழ்த்திக் கொடுத்தால் அது கூறைதான். மாப்பிள்ளைக்குப் பருத்தி வேட்டியும் சால்வையும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் அம்மம்மாவின் பழைய கூறையை உடுத்தலாம், புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை என்று கருதும் பிள்ளைகளும் உளர். அதை அவளிடமே கேட்டறிய வேண்டும்.

சமையலைப் பற்றி வீட்டார் அதிகம் பயப்படுவார்கள். உண்மையில் அச்சத்துக்கு மிகக் குறைந்த காரணம் உள்ள இடம் இதுவே. யாழ்ப்பாணத்துச் சைவச் சமையல் தேங்காய்ப்பாலில் நிற்பது. கத்தரிக்காய்ப் பாற்கறி, பூசணிக்காய்க் கறி, பயிற்றங்காய், வாழைக்காய்ப் பொரியல், கீரை, வல்லாரைச் சம்பல், பருப்பு, சாம்பார், இரசம், அப்பளம், வடை, ஊறுகாய் எல்லாவற்றிலும் மாட்டுப்பால் ஒரு துளியும் வேண்டியதில்லை. நெய்யும் தயிரும் நுழையும் வாசல்கள் சிலவே. பருப்பின்மேல் விடும் நெய்யை நிறுத்தி, செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் போதும். மோர்மிளகாய் மோரில் ஊறியது. அதற்குப் பதிலாக மிளகாயை வெறுமனே பொரித்து வைக்கலாம். பாயாசத்துக்குப் பயறோ சவ்வரிசியோ சர்க்கரையோடு கப்பிப்பாலில் வேகவைத்து, இறக்கும் நேரம் முதற்பாலை விடவேண்டும். முந்திரிகையைத் தேங்காயெண்ணெயில் வதக்கலாம். ரின்பால் புழக்கத்துக்கு வருமுன் அம்மம்மாமார் காய்ச்சிய பாயாசம் இதுதானே.

தயிருக்குப் பதில் என்ன என்று கேட்பார்கள். தேங்காய்ப்பாலைத் தயிராக்க முயல்வதை விட்டு, பந்தியின் கடைசிச் சோற்றுக்கு நல்ல சொதி கொடுப்பதே சிறந்தது. கப்பிப்பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள் அவியவிட்டு, முதற்பால் விட்டு ஒரு கொதி வருமுன் இறக்கி, இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விடவேண்டும். அடுப்பில் இருக்கும்போது புளிவிட்டால் திரைந்துவிடும். பிழிந்த பால் மத்தியான வெக்கையில் நெடுநேரம் நில்லாது. முந்நூறு பேருக்குச் சமைப்பவர் எல்லாத் தேங்காயையும் விடியப்புறமே பிழிந்து கிடாரத்தில் வைக்கக்கூடாது. பந்திக்குப் பந்தி பிழிய இரண்டு பேரைத் தனியாக விடவேண்டும். இதைச் சமையற்காரரிடம் முன்னரே பேசிக் கூலியிற் சேர்த்துவிடுவது நல்லது.

பலகாரச் சூட்டில் முறுக்கு, பயற்றம் உருண்டை, அரியதரம், தொதல் எல்லாம் தடையின்றிச் சுடலாம். சிப்பி மாவிற்குப் பட்டர், மாஜரின் சேர்ப்பவர்கள் அதைத் தவிர்த்துத் தேங்காய்ப்பாலிற் குழைக்கலாம். இலட்டைக் கடையில் எடுப்பதானால் நெய் சேர்த்ததா என்று கேட்டு எடுக்கவேண்டும். கேசரியை விட்டுவிடுவதே நல்லது. நெய்யை எடுத்தபின் அது கேசரியாக இராது.

கேக் பற்றியும் சொல்லவேண்டும். முட்டை வீட்டுக்குள் வராத குடும்பங்களிலும், கலியாணத்தன்று முட்டையும் பட்டரும் சேர்ந்த மூன்றடுக்குக் கேக்கை மேசையில் வைத்து வெட்டுகிறார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. பேத்தி அதை வேண்டாம் என்றால், சைவத்தைக் காப்பாற்றியவள் அவளாகவே இருப்பாள். விருந்தினர் கொண்டுபோகும் சின்னப் பெட்டியில் ஒரு துண்டு தொதலும் ஒரு பயற்றம் உருண்டையும் வைக்கலாம். தேநீர் கொடுப்பவர்கள் பழக்கத்தில் பால்மாவைக் கரைத்துவிடுவார்கள். மல்லிக்கோப்பி, அல்லது இஞ்சி தட்டிப்போட்ட வெறுந்தேநீரும் பனங்கட்டியும் என்று ஒருவரைப் பொறுப்பாக வைத்தால் அப்பிழை நேராது.

இனி மேளம். தவிலின் இருபுறமும் தோல். அதற்கு மாற்றுத் தேடிப் பேத்தி இணையத்தில் இரவெல்லாம் துழாவக்கூடும். 1944இல் தொடங்கிய அந்தச் சங்கமே தனது விளக்கத்தில் ‘இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை’ என்றுதான் சொல்லியிருக்கிறது. கெட்டிமேளம் இன்றித் தாலி கட்டுவதை அம்மம்மாவால் தாங்கமுடியாது. நெய்யிலும் தயிரிலும் கூறையிலும் அவர் இறங்கி வந்திருக்கிறார். இந்த ஓரிடத்தில் பேத்தி இறங்கி வரலாம். ஒலிப்பதிவு நாடாவைப் போட்டு மேளகாரருடைய ஒருநாள் உழைப்பை இல்லாமற் செய்வதும் கருணையில் அடங்காது.

அழைப்பிதழில் இவற்றையெல்லாம் அச்சிடத் தேவையில்லை. பரிமாறும் இளைஞர்களுக்குமட்டும் காலையில் ஒருமுறை சொல்லிவைக்க வேண்டும். தயிர் எங்கே என்று யாராவது பெரியவர் கேட்டால், “இண்டைக்குச் சொதி ஐயா” என்று சொல்லி இன்னும் ஓர் அகப்பை விட்டால் போதும். பாலும் பழமும் கொடுக்கும் நேரம் வரும்போது, வெள்ளிக்கிண்ணத்தில் இருப்பது தேங்காய் முதற்பாலும் கதலிப்பழமும் பனங்கற்கண்டும். அதை அன்று காலை தன் கையாலேயே துருவிப் பிழியும் பொறுப்பை அம்மம்மாவிடம் விட்டுவிடுவது நல்லது. ஏன் மாட்டுப்பால் இல்லை என்று பக்கத்தில் நிற்பவர்கள் கேட்டாலும், “தேங்காய்ப்பாலும் பால்தானே” என்று விடைசொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் அந்தப் பந்தலில் வேறு ஒருவருமில்லை.