தொய்வும் மண்ணிறப் பம்பும்

பூசை நேரத்தில் சாம்பிராணிப் புகை எழும்பியதும் கைப்பைக்குள் நீலப் பம்பைத் தேடுபவர்கள் நம்மிடையே பலர். இரண்டு தரம் இழுத்தால் நெஞ்சு இலேசாகிவிடும். வீட்டில் கிடக்கும் மண்ணிறப் பம்பைப் பற்றிக் கேட்டாலோ, "அது ஸ்டீரொய்ட் அல்லவா, பிள்ளைக்குக் கொடுக்கப் பயம்" என்பார்கள் தாய்மார். இந்தப் பயத்தைப் பற்றியே சில வார்த்தைகள்.

மெத்தையிலும் கம்பளத்திலும் வாழும் தூசி உண்ணி, புல்லின் மகரந்தம், பூனையின் பொடுகு போன்றவை ஒவ்வாமை உள்ளவரின் சுவாசக் குழாயில் பட்டால், சில நிமிடங்களில் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும். சில மணி நேரத்தின் பின் ஒருவகை வெள்ளணுக்கள் அங்கே வந்து சேர, குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி கட்டும். இந்த அழற்சி இழுப்பு இல்லாத நாட்களிலும் உள்ளே இருக்கக்கூடும்.

நீலப் பம்பிலுள்ள சல்பியூட்டமோல் தசையைத் தளர்த்தும், வீக்கத்தை ஆற்றாது. அதை ஆற்றுவது மண்ணிறப் பம்பிலுள்ள பெக்லோமெத்தசோன். பலன் தெரியச் சில நாட்கள் முதல் சில கிழமைகள் வரை செல்லும் என்பதால், "ஒன்றும் செய்யவில்லை" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். சுகமாக இருக்கும்போதும் தினமும் எடுக்கவேண்டிய மருந்து இது.

இது உடற்கட்டு வளர்ப்போர் எடுக்கும் ஸ்டீரொய்ட் அல்ல. கடும் இழுப்புக்குப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் பிரெட்னிசொலோன் மாத்திரையின் அளவு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை போகும். பம்பின் அளவோ மைக்ரோகிராமில். தொண்டை கரகரக்கலாம், வாயில் வெண்படலம் வரலாம். ஸ்பேசர் வைத்து எடுத்து, பின்னர் வாயைக் கொப்பளித்தால் இவை குறையும். பிள்ளையின் உயரம் ஒரு சென்ரிமீற்றர் அளவில் குறையலாம் என்பது உண்மை. இழுப்பால் மூச்சுத் திணறுவதோடு ஒப்பிட்டால் அது சிறியதே.

பிரித்தானியாவில் தொய்வு மரணங்களை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த அறிக்கையில், நீலப் பம்ப் பாவித்தவர்களில் விபரம் கிடைத்த 165 பேரில் 65 பேருக்கு, இறப்பதற்கு முந்திய ஓராண்டில் 12க்கு மேற்பட்ட நீலப் பம்புகள் கொடுக்கப்பட்டிருந்தன. மாதம் ஒன்றுக்கு மேல்! 2024 நவம்பரில் வந்த புதிய வழிகாட்டல், அழற்சி மருந்து இல்லாமல் நீலப் பம்பை மட்டும் யாருக்கும் கொடுக்கக்கூடாது என்கிறது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு மருந்தும் சேர்ந்த ஒரே பம்பும் உண்டு. அடுத்த முறை டொக்டரிடம் போகும்போது கேட்டுப் பாருங்கள்.

கடும் இழுப்பின்போது நிமிர்ந்து உட்கார்ந்து, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்கு ஒரு தரமாக, 10 தரம் வரை நீலப் பம்பை எடுக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் உடனே 999.