வசதியுள்ள வாலிபரின் கடமை



கடைக்குப் போகும்போது துணிப்பை எடுத்துச் செல்கிறான் ஒரு வாலிபன். அறையை விட்டு வரும்போது மின்விசிறியை நிறுத்துகிறான். நல்ல பழக்கங்கள்தான். ஆனால் பூமி சூடேறிவரும் இந்நாளில் அவனிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது அவ்வளவுதானா? இந்த வாரம் அதைச் சற்று யோசிப்போம்.

முதலில் காரணத்தை அறிவோம். நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிவதால் கரியமில வாயு காற்றில் சேர்கிறது. யந்திரத் தொழில் பெருகுமுன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. உலக மக்களில் செல்வம் மிகுந்த பத்தில் ஒரு பங்கினரே ஏறத்தாழப் பாதிப் புகைக்குப் பொறுப்பாளிகள். வெள்ளமும் வறட்சியும் வரும்போதோ, முதலில் அடிபடுகிறவன் ஏழை.

ஆகவே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கடமை இரட்டிப்பு. அவன் செலவழிப்பது அதிகம். அவன் சொல்லுக்குச் செவிசாய்க்கும் இடங்களும் அதிகம். இந்த இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் நடந்த ஒரு காரியத்தைக் கேளுங்கள். ஹார்வர்டு சர்வகலாசாலையின் மூலநிதி 2020-ல் 4,000 கோடி டாலருக்கு மேல். அங்கே படிப்பவர்களில் பலர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். 2012-ல் மாணவர் சிலர், "நம் கல்லூரியின் பணம் நிலக்கரி, எண்ணெய்க் கம்பெனிகளில் இருக்கலாமா?" என்று கேட்டார்கள். அவ்வருடம் நடந்த வாக்கெடுப்பில் 72 சதவீதத்தினர் கூடாது என்றனர். மறு வருடம் சர்வகலாசாலைத் தலைவர் அக்கோரிக்கையை மறுத்துக் கடிதம் எழுதினார்.

மாணவர் சோர்ந்து போகவில்லை. படிப்பு முடித்தவர் போனதும் புதியவர் அவ்வேலையை எடுத்துக்கொண்டனர். ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் துணை சேர்ந்தனர். 2019 நவம்பரில் ஹார்வர்டு - யேல் பந்தாட்டத்தின் இடைவேளையில் இரு கல்லூரி மாணவரும் மைதானத்தில் அமர்ந்தனர், பலர் கைதாயினர். 2021 செப்டம்பரில் சர்வகலாசாலை பணிந்தது: அக்கம்பெனிகளில் நேரடி முதலீடு இல்லை, இனிச் செய்யும் எண்ணமும் இல்லை, மிச்சமுள்ள மறைமுக முதலீடுகளும் படிப்படியாய் முடிவுக்கு வரும் என்று அறிவித்தது. இதற்குச் சென்றது ஒன்பது வருஷம்! சேசு சபையாரின் ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலையும், மாணவர்களின் நீண்ட பிரயாசைக்குப் பின், 2020 பிப்ரவரியில் இவ்விதமே தீர்மானித்தது.

"அந்தப் பங்குகளை வேறொருவன் வாங்கிக்கொள்வானே, புகை குறைந்ததா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பங்கு கைமாறுவதால் மாத்திரம் புகைபோக்கி அணையாது. ஆனால் பெரிய ஸ்தாபனம் ஒன்று கைவிட்ட தொழிலுக்குப் பழைய மதிப்பு இராது. சட்டம் செய்வோரும் அதைக் கவனிப்பார்கள். அதைவிட மேலாக, தீர்மானங்கள் எங்கே செய்யப்படுகின்றன என்று தேடிப் போகவும், அங்கே மரியாதையோடும் விடாப்பிடியோடும் கேட்கவும் அவ்வாலிபர் கற்றுக்கொண்டார்கள்.

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ், 2015-ல் எழுதிய லவுதாத்தோ சீ என்னும் நிருபத்தில் இதையே உணர்த்தினார். தனியொருவர் திருந்துவது வேண்டும். ஆனால் சமுதாயத்தின் குறைகளைத் தீர்க்கத் தனித்தனி நற்செயல்கள் போதாது, மக்கள் ஒன்றுகூடிப் பாடுபட வேண்டும் என்பது அவர் போதனை.

பெற்றோரே, மூன்று காரியங்களை மனதில் வையுங்கள். முதலாவது, பிள்ளை இப்படிக் கேள்வி கேட்டால், "உனக்கேன் இந்த வம்பு? படிக்கிற வேலையைப் பார்" என்று வாயடைக்காதீர்கள். இரண்டாவது, தன் கல்லூரியின் மின்சாரம் எதிலிருந்து வருகிறது, அப்பா வேலை பார்க்கும் கம்பெனி எதில் பணம் போடுகிறது என்று நண்பரோடு சேர்ந்து விசாரிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, தாழ்மை. வெள்ளத்தில் வீடு இழந்தவனுக்காகப் பேசப் புறப்படுமுன், அவனிடம் போய் உட்கார்ந்து, அவன் சொல்வதைக் கேட்கட்டும். இல்லையேல் ஏழையின் பெயரால் தன் பெருமையையே பேசுவான்.

துணிப்பையை விட்டுவிட வேண்டாம். ஆனால் நம் பிள்ளையின் மனச்சாட்சி அந்தப் பையோடு திருப்தியடைந்து தூங்கிவிட்டால், நஷ்டம் அவனுக்கு மாத்திரமல்ல. இந்த ஞாயிறு சாப்பாட்டு வேளையில் இதைப் பற்றி அவனோடு பேசுங்கள்.

உங்கள் பங்குக் குரு