பெரட்டுக் களமும் பயிற்சி முகாமும்

தோட்டப்புறத்தில் வளர்ந்த மூத்தோருக்குப் ‘பெரட்டு’ என்ற சொல் நன்கு தெரியும். விடிவதற்கு முன்பே தொழிலாளர்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கிராணி பெயர் கூப்பிடுவார். கங்காணி ஆள் கணக்கு எடுப்பார். யாருக்கு எந்த நிரை என்பது அங்கேதான் முடிவாகும். படை அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்லே தோட்டத் தமிழில் பெரட்டாக மருவியது என்பர். இரண்டிலும் வரிசை உண்டு. பெயர் கூப்பிடுதல் உண்டு. ஆனால், ஒன்றில் நின்றவன் கூலி. மற்றொன்றில் நின்றவன் வீரன். 1943ஆம் ஆண்டில் மலாயாவின் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ் இளைஞர்கள் பலர் முதல் களத்திலிருந்து இரண்டாவது களத்துக்குச் சென்றனர். அவர்களுள் பெண்களும் இருந்தனர்.

மலாக்கா, ரப்பருக்குப் பழைய ஊர். 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர் புக்கிட் அசகான், ஜாசின், அலோர்காஜா எனத் தோட்டங்கள் பரவின. தமிழ்நாட்டிலிருந்து குடும்பங்கள் வந்து குடியேறின. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை மலாக்காவைக் கைப்பற்றியபோது இந்த வாழ்க்கை ஒரே வீச்சில் நிலைகுலைந்தது. வெள்ளைக்காரத் துரைமார் ஓடிவிட்டனர். ரப்பரை வாங்க ஆளில்லை. அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளை உணவானது. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது.

இவற்றினும் கொடியது சயாம் இரயில். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் இரயில் பாதை அமைத்தனர். அதற்கு மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். நல்ல சம்பளம், சில மாத வேலை என்று ஆசை காட்டி அழைத்தார்கள். ஆள் போதாதபோது பலவந்தமாகப் பிடித்தார்கள். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. ஆட்கள் மட்டும் போகவில்லை. தம்பினிலிருந்து மலாக்கா நகர் வரை ஓடிய இரயில் பாதையின் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டு அந்த வேலைக்கு அனுப்பப்பட்டன.

இத்தகைய நேரத்தில்தான் 1943 ஜூலை 2ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். இந்தியாவின் விடுதலைக்காக இந்திய தேசிய இராணுவம் என்ற ஒரு படை அங்கே ஏற்கெனவே தொடங்கப்பட்டிருந்தது. சிங்கப்பூரில் சரணடைந்த பிரிட்டிஷ் இந்தியப் படையின் வீரர்களே அதில் இருந்தனர். தலைமைக்கும் ஜப்பானியருக்கும் இடையே எழுந்த பிணக்கால் அப்படை சோர்ந்து கிடந்தது. போஸ் அதற்கு உயிரூட்டினார். பொதுமக்களையும் படையில் சேர அழைத்தார். அவர் இந்துஸ்தானியில் பேச, உடனுக்குடன் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது. தமிழ் கேட்ட கூட்டம் தமிழிலேயே முழக்கமிட்டது.

ஏன் சேர்ந்தார்கள்? முன்னாள் வீரர்களின் நினைவுகளில் இந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடைப்பதில்லை. கண்ணால் காணாத இந்தியாவின் மீது கொண்ட பற்று ஒரு காரணம். துரையின் முன் கைகட்டி நின்ற வாழ்க்கையின் மீதிருந்த வெறுப்பு இன்னொன்று. முகாமில் வேளைக்குச் சோறு கிடைக்கும் என்பதும் காரணமே. படையில் சேர்ந்தால் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள் என்று எண்ணிச் சேர்ந்தவர்களும் உண்டு. இதைச் சொல்வது அவர்களின் தியாகத்தைக் குறைப்பதாகாது. உயிர் பிழைக்கும் ஆசையும் நாட்டுப்பற்றும் ஒரே மனத்துக்குள் ஒன்றாக இருக்கலாம். மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமி சயாம் இரயிலைப் பற்றி ஒரு நாவலும், இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றி இன்னொரு நாவலும் எழுதியிருக்கிறார். அந்தத் தலைமுறையின் கதையைச் சொல்ல இரண்டும் தேவைப்பட்டன போலும்.

மலாயாவில் சேர்ந்த இளைஞர்களுக்குச் சிரம்பான், கோலாலம்பூர் போன்ற இடங்களில் பயிற்சி முகாம்கள் இருந்தன; சிங்கப்பூரிலும் முகாம்கள் இருந்தன. பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையின் முகாம் 1943 அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரின் வாட்டர்லூ சாலையில் திறக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் இலட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். அப்படையில் எத்தனை பேர் இருந்தனர் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆயிரம் பேர் என்று நீண்ட காலம் எழுதப்பட்டு வந்தது. பிற்கால ஆய்வு ஒன்று ஐந்நூற்றுக்கும் குறைவு என்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் என்பதில் மட்டும் ஐயமில்லை.

முகாமில் நாள் விடியலிலேயே தொடங்கியது. கொடியேற்றம், பாட்டு, உடற்பயிற்சி, அணிநடை என்று காலைப்பொழுது போகும். பிறகு வகுப்பு. அதன்பின் துப்பாக்கிப் பயிற்சி. அவர்கள் ஏந்திய .303 துப்பாக்கி ஏறத்தாழ நான்கு கிலோ எடை கொண்டது. தோளில் கம்பை வைத்து இரண்டு பால்வாளிகளைத் தொங்கவிட்டு மேடும் பள்ளமுமாக நடந்து பழகியவர்களுக்கு அந்த எடை பெரிதில்லை. காலுக்குத்தான் சோதனை. செருப்பே அணியாத பாதங்கள் பூட்சுக்குள் புகுந்தபோது புண்ணாயின. பாவாடையும் சேலையும் கட்டிய பெண்கள் காக்கிக் காற்சட்டை அணிந்து நாலு பேர் முன் நடக்கக் கூசினார்கள். சிலர் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் அது துப்பாக்கி ஏந்துவதைவிடத் துணிச்சலான செயல்.

கட்டளைகள் எல்லாம் இந்துஸ்தானியில் இருந்தன. தமிழர்க்கு அது அந்நிய மொழி. ஆகவே, இந்துஸ்தானியை ரோமன் எழுத்தில் எழுதிக் கற்பித்தார்கள். பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதிக்காத தோட்டத்துப் பெண்களுக்கு இந்த வகுப்புதான் முதல் பள்ளிக்கூடம். போரில் கலந்துகொள்ளும் வாய்ப்பே கிடைக்காதவர்களுக்கும் இந்த எழுத்தறிவு மிஞ்சியது.

கோலாலம்பூரின் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்த ஜானகி தேவருக்கு முகாம் வாழ்க்கை முதலில் கசந்தது. நேதாஜியின் பேச்சைக் கேட்டுக் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். மறுத்த தந்தையிடம் வாதாடி இசைவு பெற்றுச் சேர்ந்தவர். வீட்டில் வேலைக்காரர் பரிமாற உண்டு பழகியவர், இங்கே தட்டை ஏந்தி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவள் பால் வெட்டும் தொழிலாளியின் மகள். இருவருக்கும் ஒரே சோறு, ஒரே சீருடை. மெல்ல மெல்ல ஜானகி அதற்குப் பழகினார். பின்னர் அப்படையின் துணைத் தலைவராகவும் உயர்ந்தார்.

சாப்பாட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் இந்தியப் படையில் மதத்துக்கும் சாதிக்கும் ஏற்பத் தனித்தனி அடுப்பு எரிந்தது. தோட்டத்து லயங்களிலும் சாதி பார்த்து வீடு ஒதுக்கிய வழக்கம் இருந்தது. இந்திய தேசிய இராணுவத்தில் பொதுச் சமையலறை வந்தது. இந்துவும் முஸ்லிமும் சீக்கியரும் கிறித்துவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தனர். ஆட்டிறைச்சியா, மீனா, கீரையா என்பதெல்லாம் பிறகு. பஞ்ச காலத்தில் கிடைத்ததைத்தான் உண்டார்கள். கட்டளைகளை மறந்துபோன வயதிலும் மனிதர்கள் மறக்காதது, யாரோடு உட்கார்ந்து உண்டோம் என்பதைத்தான்.

இந்தப் பழக்கம் சிங்கப்பூரில் மட்டும் முளைத்ததன்று. போஸ் 1941 முதல் ஜெர்மனியில் இருந்தார். வட ஆப்பிரிக்கப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட இந்திய வீரர்களைக் கொண்டு அங்கே ஒரு படையை அமைத்தார். சாக்சனி மாநிலத்தின் கோனிக்ஸ்புரூக் முகாமில் அவர்கள் பயிற்சி பெற்றனர். ஏறத்தாழ 3,000 பேர். பஞ்சாபியரும் தமிழரும் வங்காளியரும் வேறு வேறு அணிகளாகப் பிரிக்கப்படாமல் கலந்தே வைக்கப்பட்டனர். அதிகாரிகளுள் பலர் ஜெர்மானியர். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வேலை நடக்காது. ‘இராம் இராம்’, ‘சலாம்’, ‘சத் ஸ்ரீ அகால்’ என்று ஆளுக்கு ஒரு வணக்கம் சொன்ன இடத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் தேவைப்பட்டது. அப்படிப் பிறந்ததே ‘ஜெய் ஹிந்த்’. 1943 பிப்ரவரியில் போஸ் நீர்மூழ்கிக் கப்பலில் ஜெர்மனியை விட்டுப் புறப்பட்டார். நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி ஆசியா வந்தபோது, அந்த வணக்கமும் அவரோடு வந்தது. மலாயாவின் தோட்டத்துச் சிறுவர்கள் ஜெய் ஹிந்த் என்று கூவித் திரிந்தார்கள். அது ஜெர்மனியின் பனியில் பிறந்தது என்பதை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

பயிற்சி முடிந்த மாலை வேளைகள் முகாமில் இனிமையானவை. பாட்டும் நாடகமும் நடக்கும். பாரத மாதா விலங்கோடு மேடையில் நிற்பாள், வீரர்கள் விலங்கை உடைப்பார்கள், கைதட்டல் எழும். நடிப்பவரும் பார்ப்பவரும் ஒரே முகாமினர். இரவில் முறை வைத்துக் காவல் நிற்க வேண்டும். கையில் துப்பாக்கியுடன் இருட்டில் தனியாக நின்ற பெண்களுள் பலர், அதற்கு முன் துணையின்றித் தோட்டத்து எல்லையைத் தாண்டியிராதவர்கள்.

போர்க்களம் அவர்கள் நினைத்தபடி அமையவில்லை. 1944இல் இம்பால், கொஹிமா போர்களில் ஜப்பானியரும் இந்திய தேசிய இராணுவமும் தோற்றுப் பின்வாங்கினர். பர்மா சென்ற ஜான்சி ராணிப் படையினர் பெரும்பாலும் மருத்துவப் பணியே செய்தனர். மலாயாவில் சேர்ந்த தோட்டத்து இளைஞர்களுள் பலர் போர்முனையைக் காணாமலேயே முகாம்களில் காத்திருந்தனர். 1945 ஏப்ரல் இறுதியில் ரங்கூனைக் கைவிட வேண்டி வந்தபோது, பெண்களை அனுப்பாமல் தாம் புறப்பட முடியாது என்று போஸ் உறுதியாக நின்றார். பகலில் விமானத் தாக்குதல். ஆகவே இரவில் நடந்தார்கள். ஒரு நாள் போஸ் பூட்சைக் கழற்றியபோது அவர் பாதமெங்கும் கொப்புளங்கள் இருந்ததை ஜானகி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இந்த வரலாற்றில் மழுப்பக் கூடாத ஒரு முரண் உண்டு. இந்திய தேசிய இராணுவத்துக்கு ஆயுதமும் இடமும் தந்தவர்கள் ஜப்பானியர். தோட்டத் தமிழரைச் சயாமுக்கு அனுப்பியவர்களும் அவர்களே. போஸுக்கு ஜெர்மனியில் இடம் தந்தது ஹிட்லரின் அரசு. தம்பி சிரம்பானில் துப்பாக்கி பிடிக்க, அண்ணன் சயாமில் கட்டை சுமந்து சாகும் நிலை அந்தக் காலத்தில் இருந்தது. எதிரியின் எதிரியை நண்பனாகக் கொள்வது எவ்வளவு தூரம் சரி என்பது இன்றும் அறிஞர்கள் விவாதிக்கும் செய்தி. வகுப்பறையிலும் அதை விவாதிக்கலாம்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. முகாம்கள் கலைந்தன. அப்படையின் நினைவாகச் சிங்கப்பூர்க் கடற்கரையில் ஜூலையில் அடிக்கல் நாட்டி எழுப்பிய சின்னத்தைச் செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடி வைத்துத் தகர்த்தனர். அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் வைக்கப்பட்டதே 1995இல்தான். சீருடையைக் களைந்த இளைஞர்கள் தோட்டம் திரும்பினார்கள். அதே லயம், அதே பால்வாளி, அதே பெரட்டு. ஆனால், பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் அதே ஆட்கள் அல்லர். கெடாவின் பீடோங் வட்டாரத்தில் 1946இல் தொண்டர் படை தோன்றியது. காக்கி உடுத்தி அணிநடை பயின்ற அவர்கள் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிப் போராடினார்கள். அதன் பின்னணியில் முன்னாள் வீரர்களின் செல்வாக்கு இருந்தது. அதே ஆண்டு மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது, போஸின் இயக்கத்தில் பணியாற்றிய ஜான் திவி அதன் முதல் தலைவரானார். ஜானகி நாடாளுமன்ற மேலவை உறுப்பினரானார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

ஈப்போவில் பிறந்த இராசம்மா பூபாலன் பதினாறு வயதில் தம் சகோதரியுடன் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். போருக்குப் பிறகு ஆசிரியரானார். ஒரே வகுப்பு, ஒரே வேலை; ஆயினும் ஆசிரியைக்கு ஆசிரியரைவிடச் சம்பளம் குறைவு என்ற நிலை அப்போது இருந்தது. ஒரே தட்டில் ஒரே சோறு உண்டு பயின்றவர் அதை ஏற்பாரா? 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கிச் சம ஊதியம் கேட்டுப் போராட்டத்தில் இறங்கினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அரசுப் பணியில் பெண்களுக்குச் சம ஊதியம் கிடைத்தது.