ஏ.ஐ. பதிவுக் கட்டணமா? யாருக்குக் கட்டுகிறீர்கள்?

மதுரை மாசி வீதிகளில் இப்போது புதிதாக ஒரு வசூல் நடக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லட் சகிதமாக ஓர் இளைஞர் கடை வாசலில் வந்து நிற்பார். "அண்ணே, இனிமே யாரும் கூகுள்ல தேட மாட்டாங்க. எல்லாரும் ஏ.ஐ.கிட்டதான் கேப்பாங்க. அதுல உங்க கடையைப் பதிவு பண்ணலைன்னா, அப்படி ஒரு கடையே இல்லைன்னு சொல்லிரும். வருஷக் கட்டணம் மட்டும் கட்டுங்க, நம்பர் ஒன்னா வந்துரும்." கேட்கும் தொகை கடையின் அகலத்தைப் பார்த்து ஏறும், இறங்கும். கட்டியவருக்குத் தங்கக் கரை போட்ட சான்றிதழ் ஒன்றும், கல்லாவுக்கு மேலே ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கர் ஒன்றும் கிடைக்கும்.

கடைகளின் இணைய விவரங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. எந்தத் தெருவுக்குப் போனாலும் இதையே கேட்கிறார்கள்: "தம்பி, அந்த ஏ.ஐ. பதிவை நாமளும் பண்ணிரலாமா?" பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

நம்பிக்கை: பணம் கட்டினால் ஏ.ஐ. நம் கடையை முதலில் சொல்லும்

உண்மை: சொல்லாது. காசு வாங்கிக்கொண்டு விடையில் முதலிடம் தரும் பதிவேடு கூகுளிடமும் இல்லை, சாட்ஜிபிடியிடமும் இல்லை. உள்ளூர்த் தேடலில் ஒரு கடை மேலே வரப் பணம் கட்டவும் முடியாது, விண்ணப்பிக்கவும் முடியாது என்று கூகுள் தன் உதவிப் பக்கத்தில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. அது பார்ப்பது மூன்று விஷயங்களை: கேட்டதற்குக் கடை பொருந்துகிறதா, கேட்பவருக்கு எவ்வளவு பக்கம், கடை எவ்வளவு அறியப்பட்டது.

விளம்பரம் வேறு, விடை வேறு. கூகுள் விளம்பரம் விற்கிறது. ஆனால் அதன் தலையில் விளம்பரம் என்ற முத்திரை இருக்கும். சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனமும் அமெரிக்காவில் விளம்பரங்களைச் சோதிக்கப்போவதாக 2026 ஜனவரியில் அறிவித்தது. அதிலும் விடையிலிருந்து பிரித்து, முத்திரை குத்தித்தான் காட்டுவோம் என்றது. கழுத்தில் அட்டை மாட்டிய இளைஞர் விற்பது இந்த விளம்பரமும் இல்லை. ஒன்றுமில்லாததை விற்கிறார்.

இந்த விடை எப்படித் தயாராகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் போதும், யாரும் ஏமாற்ற முடியாது. 'சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷ உடை மதுரையில் எங்கே தைப்பார்கள்?' என்று ஒருவர் கேட்கிறார். அந்தக் கேள்வியை இயந்திரம் பல சிறு தேடல்களாக உடைக்கிறது. வரைபடத்தில் இருக்கும் கடைப் பக்கங்கள், வாடிக்கையாளர் எழுதிய மதிப்புரைகள், செய்திக் கட்டுரைகள், கடைகளின் சொந்த இணையதளங்கள் என்று கிடைத்ததை அள்ளுகிறது. அதைக் கோத்து நான்கு வரியில் பதில் எழுதுகிறது. அதாவது, எங்கோ யாரோ எழுதி வைத்ததைத்தான் அது திருப்பிச் சொல்கிறது. எழுதாதது அதற்குத் தெரியாது, பழசாகிப்போனதை நம்பிவிடும்.

இதற்குப் புது மண்டபத்தைவிட நல்ல சாட்சி வேண்டாம். மீனாட்சி அம்மன் கோவிலுக்கு எதிரே அந்த மண்டபத்தில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எத்தனையோ பேர் கட்டுரை எழுதினார்கள், வீடியோ எடுத்தார்கள். கடைகள் அங்கிருந்து கிளம்பிக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. கட்டுரைகள் மாறவில்லை. கடைக்காரர் கூகுள் வரைபடத்தில் உள்ள தன் கடைப் பக்கத்தில் முகவரியை மாற்றாமல் விட்டிருந்தால், இயந்திரம் பழைய கட்டுரையை நம்பி வாடிக்கையாளரை வெறும் தூண்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தும். இதை எந்தச் சான்றிதழ் சரிசெய்யும்? கடைக்காரர் போனை எடுத்து, பக்கத்தைத் திறந்து, இடக்குறியைப் புதிய இடத்துக்கு நகர்த்தினால் சரியாகும். அதற்குக் கட்டணம் கிடையாது.

"அவர் நேர்ல போட்டுக் காட்டினாரே, என் கடை பேர்தானே முதல்ல வந்துச்சு?" என்று கேட்பார்கள். அடுத்தமுறை காட்டும்போது அந்தத் திரையை மேலே தள்ளிப் பாருங்கள். அதே உரையாடலில் சற்று முன்னால் உங்கள் கடையின் பெயரை அவரே அடித்திருப்பார். சொன்னதைக் கிளி திருப்பிச் சொன்னால் அது ஜோசியமா? உங்கள் மனைவியின் போனில், புதிய உரையாடலில், கடைப் பெயரைச் சொல்லாமல் பொருளை மட்டும் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு அதே கேள்வியை வார்த்தை மாற்றிக் கேளுங்கள். பதில் மாறும். அண்ணா நகரில் இருப்பவருக்கு ஒரு கடை வரும், திருநகரில் இருப்பவருக்கு வேறொன்று வரும். நிலையான முதலிடம் என்று ஒன்று இல்லாத இடத்தில் அதை விற்பவரை என்னவென்று சொல்வது?

கட்டிய பணம் போனால்கூடப் பரவாயில்லை. "ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்கண்ணே" என்கிறாரே, அங்கேதான் கடையே கைமாறுகிறது. அந்த எண்ணைச் சொன்னால் உங்கள் கூகுள் பக்கத்துக்கு அவர் உரிமையாளர் ஆகிவிடலாம். பிறகு அந்தப் பக்கத்தில் போன் எண் யாருடையதாக இருக்கும் என்பது அவர் கையில். உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் 'மேலாளர்' உரிமை மட்டும் கொடுங்கள். 'உரிமையாளர்' இடத்தில் உங்கள் சொந்த ஜிமெயில் இருக்கட்டும். ஏற்கெனவே பறிகொடுத்தவர்கள் உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். இப்போது வைத்திருப்பவர் பதில் சொல்ல 3 நாள் அவகாசம். பதிலில்லை என்றால், கடை உங்களுடையதுதான் என்று நிரூபித்துத் திரும்பப் பெற வழி உண்டு. பெரும்பாலும் வீடியோதான் கேட்பார்கள்: தெருப் பெயர், பெயர்ப்பலகை, சாவி போட்டு ஷட்டரைத் தூக்குவது, எல்லாம் ஒரே ஓட்டமாகப் படமாக வேண்டும். ஷட்டர் சாவி உங்களிடம்தானே இருக்கிறது? அந்தச் சாவியை முன்பின் தெரியாத ஆளிடம் கொடுப்பீர்களா? ஓ.டி.பி.யை மட்டும் ஏன் கொடுக்கிறீர்கள்?

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: கூகுளை இனி யாரும் பார்ப்பதில்லை

உண்மை: ஏ.ஐ. விடையே கூகுளுக்குள்தான் பெரும்பாலோர் கண்ணில் படுகிறது. தேடல் முடிவுகளுக்கு மேலே வரும் ஏ.ஐ. சுருக்கம் 2024 ஆகஸ்டிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. கூகுள் பக்கத்தைச் சரியாக வைத்திருப்பதும் ஏ.ஐ.க்குத் தயாராவதும் பாதிக்குமேல் ஒரே வேலை. கூடவே மைக்ரோசாஃப்டின் பிங் தளத்திலும் கடையைச் சேருங்கள். கூகுளில் உள்ள விவரத்தை அப்படியே இழுத்துக்கொள்ளும் வசதி அதில் உண்டு. இதுவும் இலவசம்.

நம்பிக்கை: கடைப் பெயரோடு 'நம்பர் ஒன்', 'பெஸ்ட் இன் மதுரை' சேர்த்தால் மேலே வரும்

உண்மை: பலகையில் உள்ள பெயரைத்தான் போட வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் பக்கமே முடங்கலாம். பிரின்ஸ்டன், டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஏ.ஐ. தேடலில் எது எடுபடுகிறது என்று சோதித்தது. சொற்களைத் திணிப்பதால் பலனில்லை. ஆதாரமும் எண்களும் உள்ள எழுத்துதான் எடுபட்டது.

நம்பிக்கை: ஏ.ஐ.க்கென்று தனிக் கோப்பு செய்து இணையதளத்தில் வைக்க வேண்டும்

உண்மை: தன் ஏ.ஐ. விடைகளில் இடம்பெற அப்படி எந்தப் புதுக் கோப்பும் தேவையில்லை என்று கூகுளே சொல்லிவிட்டது. இணையதளமே இல்லாத கடைக்கு இதை விற்ற ஆளையும் நான் அறிவேன்.

நம்பிக்கை: ஐந்து நட்சத்திர மதிப்புரைகளை மொத்தமாக வாங்கிப் போடலாம்

உண்மை: வாங்கிய மதிப்புரை கூகுள் விதிப்படி தப்பு. இணைய மதிப்புரைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்திருக்கிறது. அதைவிட முக்கியம், ஏ.ஐ. நட்சத்திரத்தை மட்டும் எண்ணுவதில்லை, எழுத்தையும் படிக்கிறது. 'சூப்பர்', 'நைஸ்' என்று ஐம்பது பேர் எழுதுவதைவிட, 'அழகர் வேஷத்துக்குச் சல்லடமும் தலைப்பாகையும் இரண்டே நாளில் தைத்துக் கொடுத்தார்' என்று ஒருவர் எழுதுவது பெரிது. துணி வாங்கிப்போகும் வாடிக்கையாளரிடம் கூச்சப்படாமல் மதிப்புரை கேளுங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, எல்லோரும் கோட்டைவிடும் இடத்தைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. உங்கள் கடை இணையத்தில் தமிழில் இல்லை. தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. சோதனைக்கு வரும் அதிகாரிக்குப் பயந்தாவது பலகையில் எழுதிவிடுகிறோம். கூகுள் பக்கத்தில்? பெயர் ஆங்கிலம், விவரம் ஆங்கிலம், அதுவும் யாரோ ஏஜென்ட் எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது. 'சல்லடம்', 'கச்சை', 'உருமால்' என்று வாடிக்கையாளர் தமிழில் கேட்கிறார். கூகுளின் ஏ.ஐ. செயலியான ஜெமினி 2024 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோதே தமிழ் தெரிந்துதான் வந்தது. அது தேடிப் போகும் இடத்தில் உங்கள் சொல் இல்லை.

விலைப்பட்டியல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஃபிளெக்ஸ் கடையில் அடித்த படமாக. பழைய எழுத்துருவில் அடித்து, ஓரத்தில் ரோஜாப்பூ போட்டு, போனில் கோணலாகப் படமெடுத்து ஏற்றியது. அதை இயந்திரம் தட்டுத்தடுமாறிப் படித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக அறிவித்துவிட்டது. இன்னுமா பழைய எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுவது? கூகுள் பக்கத்தில் கடையைப் பற்றி எழுத 750 எழுத்துக்குறிகள் இடம் தருகிறார்கள். எத்தனை கடைகளில் அது காலி! வணிகர் சங்கங்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ளட்டும். பொங்கல் காலண்டர் அடிக்கும் செலவில் ஒரு பங்கை ஒதுக்கினால், உறுப்பினர் கடைகளின் பெயர், முகவரி, விற்கும் பொருள் எல்லாவற்றையும் தமிழில் ஒரே இணையப் பக்கமாகப் போட்டுவிடலாம்.

வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் அலமாரியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அது போனில் தமிழில் அடிக்கட்டும்: என்ன விற்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், எந்த நாள் விடுமுறை, ஜிபே உண்டா, மாடிப்படி ஏற வேண்டுமா. முடிந்ததும் அதற்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுங்கள். ஏ.ஐ.க்காக நீங்கள் செய்ய வேண்டிய செலவு அவ்வளவுதான்.