மழமழப்பு குழிவில் இல்லை, கத்தியின் வாயில் இருக்கிறது

"சார், ஃபுல் ஹாலோ கத்திதானே நல்லா ஒட்டச் சிரைக்கும்?"

மடக்குச் சவரக்கத்தி வாங்கும் ஆசை வந்த இளைஞர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேள்வி என்பதைவிட, முடிவெடுத்துவிட்டு என் தலையசைப்புக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதே சரி. உலோகவியல் சொல்லித்தருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இல்லை. எத்தனை பேர் சொன்னாலும், எத்தனை காணொளிகளில் கேட்டாலும், இல்லை.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். முதுகிலிருந்து வாய்வரை கத்தியின் பக்கங்களை எப்படித் தேய்த்து எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் இங்கே பேச்சு. பக்கங்கள் தட்டையாக, ஆப்பு மாதிரி இறங்கினால் அது வெட்ஜ். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த பழைய கத்திகள் பெரும்பாலும் இதற்கு நெருக்கமானவை. பக்கங்கள் உட்குழிந்திருந்தால் ஹாலோ. குழிவின் ஆழத்துக்கேற்பக் கால், அரை, முழு என்று பெயர். ஜெர்மனியின் சோலிங்கன் நகரம் 19ஆம் நூற்றாண்டில் இந்த ஆழக் குழிவில் பேர்பெற்றது. இரண்டு சிறிய சக்கரங்களுக்கு நடுவே கத்தியைக் கொடுத்து, காகிதம் போல் மெலியும்வரை தேய்த்தார்கள். அபாரமான கைத்திறன், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் திறன் மயிரை எவ்வளவு அடியில் வெட்டுவது என்பதைத் தீர்மானிப்பதில்லை.

ஏன் என்று கேளுங்கள். சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படும்படி படுக்கவைத்துத் தள்ளுகிறோம். ஆகவே வாயின் கோணத்தை முடிவு செய்பவை இரண்டே அளவுகள்: முதுகின் தடிமன், கத்தியின் அகலம். முதுகு 5 மில்லிமீட்டர், அங்கிருந்து வாய்வரை 17 மில்லிமீட்டர் என்றால் கோணம் சுமார் 17 பாகை. நடுவில் எவ்வளவு குழித்தாலும், குழிக்காமலே விட்டாலும், அதே 17தான். பள்ளிக்கூடக் கோணவியல் தெரிந்தவர் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். தோலை ஒட்டி மயிரை அறுப்பது அந்த வாயின் நுனி. அதன் அகலம் ஒரு மைக்ரானின் சிறு பகுதி. அதற்கு மேலே மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் குழிவு தாடி மயிரைத் தொடுவதே இல்லை.

இதற்குமேல் சான்று வேண்டுமென்றால் தெருமுனை சலூனுக்குப் போங்கள். அங்கே இப்போது புழங்குவது பாதி பிளேடு செருகும் கத்தி. அந்த பிளேடு ஒரு தட்டைத் தகடு. அதில் குழிவும் கிடையாது, ஆப்பும் கிடையாது. தேர்ந்த கை பட்டால் கன்னம் மழமழவென்று ஆகிறதா இல்லையா? ஆழக் குழிவு இல்லாமல் ஒட்டச் சிரைக்க முடியாது என்பவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

அப்படியானால் இந்த வதந்தி எங்கிருந்து வந்தது? ஒரு காரணம் சத்தம். மெலிந்த தகடு மயிரை அறுக்கும்போது அதிர்ந்து பாடும்; காதில் கேட்பதைக் கன்னத்தில் நடப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது. வெட்ஜ் ஓசையில்லாமல் தன் வேலையை முடிக்கிறது. இன்னொரு காரணம் விலை: ஆழமாகக் குழிக்க உழைப்பு அதிகம், விலையும் கூடுகிறது, கூடிய விலைக்கு ஒரு நியாயம் தேவைப்படுகிறது. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதில்தான் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஹாலோ கத்தியைக் கல்லில் வைத்தால் முதுகும் வாயின் மெல்லிய கீற்றும் மட்டுமே படும். சீக்கிரம் கூர் ஏறும். அசல் வெட்ஜில் பக்கம் முழுவதும் கல்லில் படும், தேய்க்க வேண்டிய எஃகு பல மடங்கு. பொறுமை இல்லாதவர் பாதியில் நிறுத்திவிடுவார். அரைகுறையாகத் தீட்டிய வெட்ஜையும் நன்றாகத் தீட்டிய ஹாலோவையும் ஒப்பிட்டுவிட்டு, பழியைக் கத்தியின் வடிவத்தின்மேல் போடுகிறார்கள். இது அநியாயம்.

குழிவுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எடை, வளைவு, கைக்குத் தெரியும் உணர்வு எல்லாம் அதனால் மாறும். முரட்டுத் தாடிக்குக் கால் குழிவோ வெட்ஜோ அசையாமல் போகும். முழுக் குழிவு லேசானது, வாய் எங்கே எப்படிப் போகிறது என்று கைக்கு உடனே சொல்லும். ஆனால் கோணம் தப்பினால் மயிரின் மேல் துள்ளும். கைக்கு எது இணங்குகிறதோ அதை வாங்குங்கள். முதல் கத்தி என்றால் அரைக் குழிவு போதும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வாயின் ஆயுளைப் பற்றி. மயிரைவிட எஃகு சுமார் 50 மடங்கு கடினம். ஆனாலும் வாய் மழுங்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் சவரம் செய்து பார்த்து 2020இல் 'சயின்ஸ்' இதழில் காரணத்தை எழுதினார்கள். எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில், மயிர் சாய்வாக வந்து வளையும்போது, வாயில் நுண்ணிய பொளிவு விழுகிறது. எஃகின் தரமும் அதைப் பதப்படுத்திய விதமும்தான் விஷயம். மைக்கேல் ஃபாரடேயும் லண்டனில் கத்தி செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் 1820இல் எஃகுக் கலவைகளைச் சோதித்தபோது தேடியதும் இதைத்தான். அந்த ஸ்டோடார்ட் நம் தென்னாட்டு உருக்கை மிக உயர்வாக மதித்தவர்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. சிரைத்தால் மயிர் தடித்து வளரும் என்பது பொய். ஆய்வாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928லேயே அளந்து காட்டிவிட்டார். வெந்நீர் தோலின் துளைகளைத் திறக்கும் என்பதும் பொய், துளைகளுக்குக் கதவு கிடையாது. வெந்நீரின் பயன் வேறு: ஊறிய மயிர் மென்மையாகிறது, அறுக்கக் குறைந்த விசை போதும். அழுத்தினால் ஒட்டச் சிரைக்கும் என்று நம்புகிறவர்கள் தோலைத்தான் சீவுகிறார்கள். சுருட்டை மயிர்க்காரர்கள் அளவுக்குமேல் ஒட்டச் சிரைக்கவே கூடாது. வெட்டிய நுனி தோலுக்குள் திரும்பி வளர்ந்து கொப்புளம் கட்டும்.

ஆகவே இரண்டாவது கத்திக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு நல்ல தீட்டுக்கல்லும் ஒரு தோல்வாரும் வாங்குங்கள். கல்லில் வாயை முன்னே விட்டுத் தள்ளுங்கள். தோல்வாரில் முதுகை முன்னே விட்டு இழுங்கள். தீட்டத் தெரிந்த பெரியவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால், அவர் கை ஓய்வதற்குள் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வீட்டுப் பரணில் தாத்தாவின் ஷெஃபீல்டு கத்தி கிடந்தால், வெட்ஜ் என்று ஒதுக்காதீர்கள். வாயில் துருக்குழி விழவில்லை என்றால் அது இன்னும் சிரைக்கும்.