இடுப்பு மூட்டுக்கு வழி சொல்லும் கம்ப்யூட்டர்

நம்ம கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விருத்தாசலம் போனால் பீங்கான் பொம்மை, பியூஸ் கட்டை எல்லாம் பார்க்கலாம். அதே பீங்கான் குடும்பத்துப் பொருள் ஒன்று மனிதனின் இடுப்புக்குள்ளேயும் வைக்கப்படுகிறது. தெரியுமா?

மூட்டு மாற்று

இடுப்பு மூட்டு ஒரு பந்துக் கிண்ண மூட்டு. தொடை எலும்பின் தலைதான் பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழிதான் கிண்ணம். இது தேய்ந்துவிட்டாலோ, விழுந்து உடைந்தாலோ செயற்கை மூட்டு வைப்பார்கள். இங்கிலாந்து டாக்டர் ஜான் சார்ன்லி 1962-ல் உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் பொருத்தி வெற்றி கண்டார். 1970-ல் பிரான்ஸ் நாட்டு டாக்டர் பியர் பூட்டின் அலுமினா பீங்கானைப் பயன்படுத்தினார். இது மிகக் கடினமானது, வழவழப்பானது. அதனால் தேய்மானம் குறைவு.

சிக்கல் எங்கே?

கிண்ணத்தை வைக்கும் கோணத்தில்தான். பக்கச் சாய்வு 30 முதல் 50 டிகிரி, முன்பக்கத் திருப்பம் 5 முதல் 25 டிகிரி என்று லெவினெக் குழுவினர் 1978-ல் ஓர் அளவு சொன்னார்கள். கோணம் தப்பினால் பந்து நழுவலாம். சீக்கிரம் தேயலாம். கால் நீளம் சரியாக அமையாவிட்டால் நடை நொண்டும். எங்க ஆயா மாதிரி தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுறவங்க நம்ம ஊர்ல நிறைய. இடுப்பை அதிகம் மடக்கும்போதுதான் பந்து நழுவும் ஆபத்து கூடுதல். அதனால் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆபரேஷன் மேஜையில் நோயாளி மேல் துணி மூடியிருக்கும். காலை இழுக்கும்போது இடுப்பு லேசாகத் திரும்பிவிடும். கண் மதிப்பு ஏமாற்றும்.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

1. இடுப்பெலும்பில் சிறு ஊசி பதித்து, ஒளியைத் திருப்பி அனுப்பும் உருண்டைகளைப் பொருத்துவார்கள். டாக்டரின் கருவியிலும் அதே மாதிரி உருண்டைகள் இருக்கும்.

2. இரண்டு கண்ணுள்ள அகச்சிவப்புக் கேமரா அவற்றைப் பார்க்கும். குறைந்தது மூன்று உருண்டை வேண்டும். ஏன்னா, ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிதான் ஒரு தளத்தைத் தீர்மானிக்கும். நம்ம கணக்குப் பாடம்தான்!

3. டாக்டர் இடுப்பெலும்பின் சில இடங்களைக் கருவியால் தொட்டுக் காட்டுவார். சில முறைகளில் முன்பே எடுத்த சி.டி. ஸ்கேனும் உதவும்.

4. கிண்ணம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று திரையில் உடனுக்குடன் எண் தெரியும்.

அமெரிக்காவில் 1992-ல் ரோபோடாக் என்ற ரோபோ தொடை எலும்பையே குடைந்து கொடுத்தது.

குறைகளும் உண்டு

கேமராவை யாராவது மறைத்தால் எண் நின்றுவிடும். ஊசி தளர்ந்தால் தப்பான எண் வரும். செலவும் நேரமும் கூடும். கோணம் சரியாக அமைய இது உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் எல்லாருக்கும் இது தேவையா என்பதில் டாக்டர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. கத்தி பிடிப்பது டாக்டர்தான், கம்ப்யூட்டர் வழி மட்டும்தான் சொல்லும்.

செய்து பாருங்க!

ஒரு கொட்டாங்கச்சியைக் கண் மதிப்பில் 40 டிகிரி சாய்த்துப் பிடிங்க. நண்பர் கோணமானியால் அளக்கட்டும். எத்தனை டிகிரி தப்புதுன்னு பாருங்க!

கடைசியா ஒண்ணு: கம்ப்யூட்டரைவிட மலிவான வைத்தியம் நம்ம கையில இருக்கு. கிணத்தடியிலும் பாத்ரூமிலும் பாசி பிடிக்காமல் தேய்த்து வைப்போம். வயசானவங்க வழுக்கி விழாமல் இருக்கட்டும்.